‘புது மீன்’ எப்போது புது இனம் ஆகிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் இருப்பவர்களுக்கு இது பழகிப்போன கதை. பெர்னாம் ஆற்றோர ஜெட்டியில் இழுவைப் படகு வந்து நிற்கும். கூடையைக் கவிழ்த்தால் யாரும் முன்பு பார்த்திராத மீன் ஒன்று கிடக்கும். யாராவது கைத்தொலைபேசியில் படம் எடுப்பார்கள். பொழுது சாய்வதற்குள் அந்தப் படம் பாகான் டத்தோ, தெலுக் இந்தான், சுற்றியுள்ள தோட்டங்கள் என்று எல்லா வாட்ஸ்அப் குழுக்களையும் வலம் வந்துவிடும். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: ‘புது இன மீன் கண்டுபிடிப்பு!’ மறுநாள் தேத்தண்ணிக் கடையில் ஆளுக்கொரு விளக்கம். கடல் சூடாகி மீன் உருமாறிவிட்டது என்பார் ஒருவர். டிஎன்ஏ பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் என்பார் இன்னொருவர். பிடித்தவர் பெயரைத்தான் அரசாங்கம் அதற்கு வைக்கும் என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார்.

மூன்றுமே சரியில்லை. ஒரு கடல் மீன் ‘புதிய இனம்’ ஆவது வலையில் விழும் நேரத்தில் அல்ல. இதற்கு முன் பெயர் வாங்கிய எந்த மீனும் இது இல்லை என்று ஒருவர் சான்றுகளோடு எழுதி வெளியிடும் நேரத்தில்தான். அந்த எழுத்துக்குப் பின்னால் என்ன வேலை நடக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

புதியது, ஆனால் யாருக்கு?

அறிவியல் ஒரு மீனைப் புதிய இனம் என்றால், அது நேற்று தோன்றியது என்று பொருளில்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக, சில நேரம் பல இலட்சம் ஆண்டுகளாக, அது கடலில் இருந்திருக்கும். கரையோர மக்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகக் குழம்பு வைத்துச் சாப்பிட்டிருக்கவும் கூடும். அறிவியல் முறைப்படி அதற்கு இதுவரை யாரும் பெயர் வைக்கவில்லை. புதுமை அவ்வளவுதான்.

ஜெட்டியில் கூட்டம் சேர்க்கும் மீன்கள் பெரும்பாலும் நமக்கு மட்டும் புதியவை. ஆழ்கடலில் இருந்து மேலே வந்துவிட்ட நீளமான துடுப்பு மீன், வால் பக்கம் பாதியாக வெட்டியது போலிருக்கும் சூரிய மீன் எல்லாம் 18ஆம் நூற்றாண்டிலேயே பெயர் வாங்கியவை. பிறவிக் குறையோடு வளர்ந்த சாதாரண மீனும் இப்படிப் பரபரப்பைக் கிளப்பும்.

இன்னொரு வகையும் உண்டு. வேறு கடலில் நன்கு தெரிந்த மீன் முதன்முறையாக மலாக்கா நீரிணையில் அகப்படும். அதற்குப் ‘புதிய பதிவு’ என்று பெயர். பயனுள்ள செய்திதான், ஆனால் புதிய இனம் அல்ல.

உண்மையிலேயே பெயரில்லாத இனம் பார்ப்பதற்கு மிகச் சாதாரணமாக இருக்கும். யாரும் படம் எடுக்க மாட்டார்கள். விலை போகாத பொடி மீன்களை இங்கே ‘இக்கான் பாஜா’ என்று தனியாகக் கொட்டுவார்கள். மீன் தூளுக்கும் தீவனத்துக்கும் போகிற சரக்கு அது. எல்லாரும் விசித்திர மீனைச் சுற்றி நிற்கிற நேரத்தில், பெயர் வைக்கப்பட வேண்டிய ஒன்று அந்தக் கூடையோடு லோரி ஏறிப் போய்விடலாம்.

செக்ரோலில் இல்லாத ஆள்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேடு, தெரியும். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், தோட்டக் கணக்கரான கிராணி அதைப் பார்த்துத்தான் பெயர் கூப்பிடுவார். அதில் இரண்டு வகைக் குழப்பம் எப்போதும் இருக்கும். செக்ரோலில் லெட்சுமி, லயத்தில் பாப்பா. ஆள் ஒன்று, பெயர் இரண்டு. அதே செக்ரோலில் மூன்று முனியம்மா. பெயர் ஒன்று, ஆள் மூன்று. சரி, பெரட்டில் ஒரு நாள் தெரியாத முகம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எனக்குத் தெரியவில்லை, ஆகவே இவர் புதியவர் என்று கிராணி எழுதிவிட முடியாது. வேறு பெயரில் ஏற்கெனவே இருக்கிறாரா, அடுத்த டிவிஷன் செக்ரோலில் இருக்கிறாரா என்று முழுவதையும் புரட்டிப் பார்த்த பிறகுதான் புது வரி போடலாம்.

மீன்களுக்கான பதிவு 1758-ல் தொடங்குகிறது. சுவீடன் நாட்டு லின்னேயஸ் அந்த ஆண்டு வெளியிட்ட நூற்பதிப்பைத்தான் விலங்குகளின் பெயரிடலுக்குத் தொடக்கமாக வைத்திருக்கிறார்கள். இன்று நன்னீர், கடல் இரண்டும் சேர்த்து 36,000க்கும் மேற்பட்ட மீன் இனங்கள் ஏற்கப்பட்டுள்ளன. அமெரிக்காவின் கலிபோர்னியா அறிவியல் கழகம் நடத்தும் மீன் பெயரேடு இவற்றைத் தொகுத்து வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் சில நூறு பெயர்கள் அதில் புதிதாக ஏறுகின்றன. இதுவரை வைக்கப்பட்ட பெயர்களின் எண்ணிக்கையோ 36,000ஐ விட மிக அதிகம். ஒரே மீனுக்கு ஒருவர் பாரிசில் ஒரு பெயரும், இன்னொருவர் பத்தேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், வேறொரு பெயரும் வைத்திருப்பார்கள். இப்படி ஒரே இனத்துக்கு அமைந்துவிட்ட கூடுதல் பெயர்களை ‘இணைப்பெயர்கள்’ என்கிறோம். பொது விதி, முதலில் வைத்த பெயரே நிற்கும்.

ஆகவே புதிய இனம் என்று சொல்ல வருபவரின் பெரிய வேலை கடலில் இல்லை. பழைய பெயர்களையும் பழைய விவரிப்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, இது அதுவல்ல, இது அதுவும் அல்ல என்று கழித்துக்கொண்டே வர வேண்டும். 200 ஆண்டு பழைய இலத்தீன், பிரெஞ்சு, டச்சு எழுத்துகளைத் தேடிப் படிக்க வேண்டிவரும். இணைப்பெயர் என்று ஒதுக்கப்பட்ட பழைய பெயர் ஒன்று இந்த மீனுக்கே பொருந்துகிறது என்று தெரிந்தால், புதுப் பெயருக்கு இடமில்லை. அந்தப் பழைய பெயருக்கு மறுபடி உயிர் வரும்.

இதுவரை: புதிய இனம் என்பது இதுவரை பெயரிடப்படாத இனம். அதை நிரூபிக்க, பெயரிடப்பட்டவற்றோடு ஒப்பிட்டுத் தீர வேண்டும்.

கெம்போங் ஒன்றல்ல

இங்கே ‘இனம்’ என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்து, மற்றக் கூட்டங்களோடு கலக்காமல் தனி வழியில் போகும் உயிர்க் கூட்டம் என்று எளிமையாக வைத்துக்கொள்ளலாம். கடலுக்குள் யார் யாரோடு சேர்கிறது என்று உட்கார்ந்து பார்க்க முடியாது. அதனால் உடல், நிறம், மரபணு, வாழிடம் போன்ற தடயங்களை வைத்து ஊகிக்கிறோம். ஒவ்வோர் இனப் பெயருக்குப் பின்னாலும் இருப்பது ஓர் ஊகமும் அதற்கான சான்றுகளும்தான்.

கெம்போங் மீனை எடுத்துக்கொள்வோம். பசாரில் ‘ஒரு கிலோ கெம்போங்’ என்று கேட்டால் கிடைப்பது ஒரே இனம் என்று நினைக்கிறோம். அந்தப் பேரினத்தில், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களைச் சேர்த்து வைத்த தொகுப்பில், மூன்று இனங்கள் இருக்கின்றன. பேரினத்தின் பெயர் ராஸ்ட்ரெல்லிகர். முதல் இனமான கனகுர்தாவுக்கு 1816-ல் பிரான்சின் குவியே பெயர் வைத்தார். விசாகப்பட்டினத்தில் வேலை பார்த்த மருத்துவர் பேட்ரிக் ரசல் 1803-ல் வெளியிட்ட படமும் குறிப்பும்தான் அவருக்கு ஆதாரம். கனகுர்தா என்பதும் ரசல் அங்கே கேட்டு எழுதிய தெலுங்குப் பெயர். இரண்டாவதான பிரக்கிசோமாவுக்கு 1851-ல் டச்சு மருத்துவர் பிளீக்கர் பெயர் வைத்தார். மூன்றாவதான ஃபாக்னி பெயர் வாங்கியது 1967-ல்தான். மனிதன் நிலவில் இறங்க இரண்டே ஆண்டுகள் இருந்தபோது, கெம்போங் கூட்டத்தில் ஒன்றுக்கு இன்னும் பெயரில்லை!

இவற்றை எப்படிப் பிரிக்கிறார்கள்? முதல் வழி எண்ணுவது. மீனின் செவுள் வளைவில், மூச்சுவிடும் சிவப்பு இழைகளுக்கு எதிர்ப் பக்கத்தில், சீப்புப் பல் மாதிரி முட்கள் வரிசையாக இருக்கும். தண்ணீரில் வரும் இரையை வடிகட்ட உதவும் இவற்றைச் ‘செவுள் சல்லடை முட்கள்’ என்கிறோம். முதல் செவுள் வளைவின் கீழ்ப் பகுதியில் ஃபாக்னிக்கு இவை 21 முதல் 26 வரைதான் இருக்கும். மற்ற இரண்டுக்கும் 30 அல்லது அதற்கு மேல். அந்த இரண்டுக்கும் முட்கள் மிக நீளம்; வாயைத் திறந்தாலே தெரியும். இதே போல முதுகுத் துடுப்பில் எத்தனை முள், எத்தனை மென்கதிர், பக்கவாட்டில் எத்தனை செதில் என்று ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். முதுகெலும்புத் துண்டுகளை எண்ண எக்ஸ்ரே எடுப்பார்கள்.

இரண்டாவது வழி அளப்பது. இங்கே வெறும் செண்டிமீட்டர் உதவாது, ஏனென்றால் மீன் வளர்ந்துகொண்டே இருக்கும். அதனால் விகிதம் பார்ப்பார்கள்: உடல் நீளத்தில் தலை எத்தனை பங்கு, தலை நீளத்தில் கண் எத்தனை பங்கு, உடலின் உயரம் நீளத்தோடு எப்படி. பிரக்கிசோமா கனகுர்தாவை விட உயரமான உடல் கொண்டது என்று கண்ணால் தெரிவதை இந்த விகிதம் எண்ணாகச் சொல்லிவிடும்.

ஒரே ஒரு மீனை அளந்து எதையும் முடிவு செய்வது ஆபத்து. ஒரே வயிற்றுப் பிள்ளைகளே ஒரே உயரம் இல்லை. பல மீன்களை அளந்து, ஓர் இனத்துக்குள் இருக்கும் வேறுபாடு எவ்வளவு, இரண்டு இனங்களுக்கு நடுவில் இருப்பது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு கூட்டங்களின் எண்களும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தால், அந்த அடையாளத்தை வைத்து இனம் பிரிக்க முடியாது.

வயதும் பாலும் செய்யும் மோசடி

எண்ணியாயிற்று, அளந்தாயிற்று. அப்புறமும் ஏமாறலாம். மீன்களில் ஆண், பெண், குஞ்சு மூன்றும் பார்ப்பதற்கு மூன்று வெவ்வேறு இனங்கள் போல் இருப்பது வழக்கமான ஒன்று. கிளிமீன்களில் பல, வாழ்க்கையின் முதல் பகுதியில் மங்கிய நிறத்தில் இருக்கும். பிறகு சில பெண் மீன்கள் ஆணாக மாறிப் பச்சை, நீலம் என்று மின்னும். மங்கியதற்கு ஒரு பெயர், மின்னுவதற்கு ஒரு பெயர் என்று பழைய அறிஞர்கள் வைத்துவிட்டுப் போனார்கள். அவற்றை இணைப்பெயர்கள் என்று கண்டுபிடித்துக் கழிக்கவே பல காலம் ஆனது.

இதில் உச்சம் ஆழ்கடல் திமிங்கில மீன்களின் கதை. ரிப்பன் போல நீண்ட வால் கொண்ட சிறு மீன்கள் ஒரு குடும்பம், பெரிய மூக்கு மீன்கள் இரண்டாவது குடும்பம், திமிங்கில வாய் கொண்டவை மூன்றாவது குடும்பம் என்று பல ஆண்டுகள் பாடநூல்களில் இருந்தது. குடும்பம் என்பது பேரினத்துக்கும் மேலே உள்ள பெரிய தொகுப்பு. 2009-ல் உடலமைப்பையும் டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்த்த ஆய்வாளர்கள் சொன்னது: ரிப்பன் வால் குஞ்சு, பெரிய மூக்கு ஆண், திமிங்கில வாய் பெண். மூன்றும் ஒரே குடும்பம். தப்பு செய்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். அவர்கள் கையில் ஆழ்கடலில் இருந்து வந்த சில மாதிரிகள் மட்டுமே இருந்தன.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். 1983-ல் சாகோஸ் தீவுகளில் கிடைத்த ஓர் இளம் மீனை வைத்து ஒரு வண்ண மீனுக்குப் பெயர் வைத்தார்கள். மாலத்தீவில் அதே போன்ற மீன்களைப் பார்த்தபோது, இதுதான் அதன் வளர்ந்த வடிவம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். வளர்ந்த மீன்களை இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மாலத்தீவு மீன் வேறு இனம் என்று தெரிந்தது. 2022-ல் அதற்குச் சிர்ரிலாப்ரஸ் ஃபினிஃபென்மா என்று பெயர் வந்தது. மாலத்தீவின் திவேகி மொழியில் அது ரோஜாவைக் குறிக்கும். மாலத்தீவு ஆய்வாளர் ஒருவர் பெயர் வைப்பதில் பங்கு பெற்ற முதல் மீன் அது. பெயர் வருவதற்கு முன்பே அந்த மீன் அலங்கார மீன் வணிகத்தில் விற்றுக்கொண்டிருந்தது என்பது தனிக் கதை.

டிஎன்ஏ சொல்வதும் சொல்லாததும்

கடையில் அந்த இரண்டாமவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. 2003-ல் கனடாவின் பால் ஹெபர்ட் குழு ஒரு யோசனையை முன்வைத்தது. பெரும்பாலான விலங்குகளிடம் உள்ள ஒரு குறிப்பிட்ட மரபணுவில் இருந்து சுமார் 650 எழுத்து நீளமுள்ள துண்டைப் படித்தால் இனத்தை அடையாளம் காணலாம் என்றார்கள். இதுதான் ‘டிஎன்ஏ பார்கோட்’. தோலுரித்து வெட்டிய மீன் துண்டு எந்த மீனுடையது என்று கண்டுபிடிக்க இது அருமையான கருவி.

ஆனால் பார்கோட் வேலை செய்ய, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சேமிப்பு வேண்டும். அந்தச் சேமிப்பில் உள்ள மீன்களுக்கு யாரோ சரியாகப் பெயர் எழுதியிருக்க வேண்டும். தப்பான பெயரோடு ஏறிய பதிவுகள் அங்கே இருக்கின்றன. நம் மீன் எதோடும் பொருந்தவில்லை என்றால் அது பெயரில்லாத இனமாக இருக்கலாம். பெயருள்ள இனம் ஒன்றை யாரும் இன்னும் படித்துச் சேர்க்காமலும் இருந்திருக்கலாம். இத்தனை விழுக்காடு வேறுபட்டால் வேறு இனம் என்று எல்லா மீன்களுக்கும் பொருந்தும் கோடு எதுவும் கிடையாது. அண்மையில் பிரிந்த இனங்களில் பார்கோட் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்.

மறுபக்கம், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து மரபணுவில் பிரிந்து நிற்பவையும் உண்டு. அவற்றுக்கு ‘மறை இனங்கள்’ என்று பெயர். நமக்குப் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

பெயர் எந்த மீனோடு போகும்?

நீலப் புள்ளித் திருக்கையைப் பார்த்திருப்பீர்கள். கண்ணைச் சுற்றி முகமூடி போட்டது போல் கருப்புப் பட்டை, முதுகில் நீலப் புள்ளிகள். இங்கே ‘பாரி’ என்று பொதுவாகச் சொல்லும் கூட்டத்தில் ஒன்று. இந்தியப் பெருங்கடலில் இருந்து மேற்குப் பசிபிக் வரை எங்கே பிடித்தாலும் இதை நியோட்ரைகான் கூலி என்றே நூல்கள் சொல்லிவந்தன. 1841-ல் ஜெர்மன் அறிஞர்கள் முல்லரும் ஹென்லேயும் வைத்த பெயர் அது.

டிஎன்ஏவைப் பார்த்தபோது இது ஒரே இனம் அல்ல, பல இனங்களின் கூட்டம் என்று தெரிந்தது. அப்படியானால் கூலி என்ற பழைய பெயர் அவற்றில் யாருக்கு? எந்த ஊரில் அதிகம் கிடைக்கிறதோ அதற்கா? வாக்கெடுப்பா? இரண்டும் இல்லை. பெயர் ஒரு குறிப்பிட்ட மீனோடு கட்டப்பட்டிருக்கிறது.

இந்தத் துறையில் நான் மிகவும் வியப்பது இந்த ஏற்பாட்டைத்தான். புதிய இனத்தை விவரிப்பவர் தம் மாதிரிகளில் ஒன்றைத் தேர்ந்து, இந்தப் பெயருக்கு உரியது இதுதான் என்று அறிவிக்க வேண்டும். அந்த ஒற்றை மீன்தான் ‘ஹோலோடைப்’. கூட வைக்கும் மற்ற மாதிரிகள் ‘பாராடைப்’. ஹோலோடைப் அந்த இனத்தில் மிக அழகானதாகவோ சராசரியானதாகவோ இருக்க வேண்டியதில்லை. அருங்காட்சியகத்தில் எண் போட்டுக் கண்ணாடிச் சாடியில் வைத்திருப்பார்கள். நாளை ஓர் இனம் ஐந்தாகப் பிரிந்தால், ஹோலோடைப் எந்தப் பிரிவில் விழுகிறதோ அந்தப் பிரிவுக்குத்தான் பழைய பெயர். மற்ற நான்கும் வேறு பெயர் தேட வேண்டும்.

முல்லர், ஹென்லே காலத்தில் ஒற்றை மாதிரியைக் குறிக்கும் வழக்கம் இல்லை. பின்னால் அவர்கள் பார்த்தவற்றில் இருந்து பெயருக்குரியதாக நிலைநிறுத்தப்பட்ட மாதிரி, சாலமன் தீவுகளின் வனிகோரோவில் பிடித்தது. அதோடு தீர்ந்தது வழக்கு. கூலி என்ற பெயர் சாலமன் தீவுப் பக்கத்துத் திருக்கைக்குப் போய்விட்டது. தென்சீனக் கடல் பக்கத்து இனத்துக்கு 2016-ல் ஓரியண்டாலிஸ் என்ற பெயர் வந்தது. மலாக்கா நீரிணையில் இருப்பதற்கு 2018-ல் மலாக்கென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். பிந்தையதின் விவரிப்பு பெரிதும் டிஎன்ஏ எழுத்துகளையே நம்பி நிற்கிறது. அது மட்டும் போதுமா என்பதில் வல்லுநர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எனக்கென்னவோ, கையில் எடுத்துப் பார்த்துச் சொல்ல முடிகிற ஒரு அடையாளமாவது இருந்தால் ஜெட்டியில் நிற்பவருக்கும் உதவும் என்றுதான் தோன்றுகிறது.

ஒருமுறை தொகுத்துக்கொள்வோம். உடலையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்து இனத்தைப் பிரிக்கிறார்கள். பிரித்த இனத்தின் பெயர் ஹோலோடைப் என்ற ஒரே மீனில் நங்கூரம் இட்டிருக்கிறது.

மீன் சாடிக்குள் போகும் வழி

சாடிக்குள் போன மீன் நிறத்தை இழந்துவிடும். அதனால் பிடித்த சூட்டோடு, துடுப்புகளை விரித்து ஊசி குத்தி, அளவுகோல் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பார்கள். பொதுவாக மீனின் இடப் பக்கம் தெரிய எடுப்பது மரபு. அடுத்துத் தசையில் சிறு துண்டை வெட்டி 95 விழுக்காடு சாராயத்தில் போடுவார்கள், டிஎன்ஏவுக்காக. இதை முதலில் செய்ய வேண்டும். ஏனென்றால் அடுத்த படியில் வரும் ஃபார்மலின் உடலை அழுகாமல் காக்கும், டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். 10 விழுக்காடு ஃபார்மலினில் உடல் இறுகிய பிறகு கழுவி, 70 விழுக்காடு சாராயத்துக்கு மாற்றினால் நூறாண்டுக்கு மேலும் இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் பிளீக்கர் பத்தேவியாவில் சேர்த்த மீன்களை இன்றும் நெதர்லாந்தின் லைடன் அருங்காட்சியகத்தில் எடுத்துப் பார்க்கலாம்.

பிளீக்கரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். அவர் டச்சுப் படையின் மருத்துவர். 1842 முதல் 1860 வரை இன்றைய இந்தோனேசியாவில், அதிகமும் ஜகார்த்தாவில், இருந்தபடி, பெரும்பாலும் பசாரில் மீன் வாங்கியே, ஏறத்தாழ 1,900 மீன்களுக்குப் புதிய பெயர் வைத்தார். அவற்றில் நிறைய பின்னர் இணைப்பெயராகப் போயின, அது வேறு. அதே காலத்தில் பினாங்கில் மருத்துவராக இருந்த தியோடர் கேண்டர் 1849-ல் மலாயா மீன்களின் பட்டியலை வெளியிட்டார். அவர்களுக்கும் முன்னால் பெர்லினில் இருந்த பிளாக், அவரும் மருத்துவர்தான், தரங்கம்பாடியில் இருந்து பாதிரியார் ஜான் அனுப்பிய மீன்களுக்குப் பெயர் வைத்தார். நாம் சம்பல் போடும் கெலாமா கருவாட்டுக் கூட்டத்தின் பேரினம் ஜானியஸ். 1793-ல் அந்தப் பாதிரியார் நினைவாக வைத்தது. அதில் ஓர் இனம் கருட்டா. நம் கருத்த கத்தாளைதான் அது.

எழுதி வெளியிடுவது, பெயர் வைப்பது

விலங்குப் பெயரிடலுக்கு உலகப் பொது விதித்தொகுப்பு ஒன்று உண்டு. இப்போது நடப்பில் இருப்பது 2000ஆம் ஆண்டு முதல் நாளில் அமலுக்கு வந்த நான்காம் பதிப்பு. அது கேட்பது அதிகமில்லை. பெயர் இரண்டு சொல்லாக, இலத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும். இது புதிய பெயர் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மற்ற இனங்களில் இருந்து எப்படி வேறுபடுகிறது என்று சொற்களில் எழுத வேண்டும். பெயருக்குரிய மாதிரியைக் குறித்து, அது எந்தச் சேமிப்பகத்தில் இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். 2012 முதல் இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரையிலும் பெயர் வைக்கலாம். ஆனால் அதை முன்கூட்டியே ஸூபேங்க் என்ற பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும்.

கவனித்தீர்களா, அரசாங்கம் எங்கேயும் வரவில்லை. ஒப்புதல் முத்திரை குத்தும் உலகக் குழுவும் கிடையாது. கட்டுரையை வெளியிடும் இதழ் வேறு வல்லுநர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்கும், அவ்வளவுதான். வெளியான பிறகு மற்ற ஆய்வாளர்கள் ஏற்றால் பெயர் நிற்கும். ஏற்காவிட்டால் பெயரேட்டில் இணைப்பெயர் என்ற வரிசைக்கு இறங்கும். அது அடுத்த ஆண்டே நடக்கலாம், நூறு ஆண்டு கழித்தும் நடக்கலாம்.

பெயரைத் தேர்வது விவரிப்பவர் உரிமை. பிடித்தவர் பெயரை வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, மரியாதைக்காக வைப்பதுண்டு. தம் பெயரையே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை என்றாலும், அப்படிச் செய்தால் சக ஆய்வாளர்கள் முகம் சுளிப்பார்கள். இன்னொரு சிறு தகவல்: நூல்களில் கனகுர்தாவுக்குப் பக்கத்தில் குவியே, 1816 என்பது அடைப்புக்குறிக்குள் இருக்கும். அலங்காரத்துக்கு அல்ல. அவர் அதை முதலில் வேறு பேரினத்தில் வைத்தார், பின்னால் வந்தவர்கள் மாற்றினார்கள் என்பதற்கான குறி அது.

ஏன் இவ்வளவு தாமதம்?

உயிரினங்களைப் பொதுவாக எடுத்துக்கொண்டால், மாதிரி சேகரித்த நாளில் இருந்து அது புதிய இனமாக வெளியாகும் வரை சராசரியாக 21 ஆண்டுகள் ஆகின்றன என்று 2012-ல் ஓர் ஆய்வு காட்டியது. சாடிக்குள் கிடக்கும் காலம்தான் இதில் பெரும்பகுதி. அந்தக் குழுவைத் தெரிந்த வல்லுநர் குறைவு, ஒப்பிட வேண்டிய பழைய மாதிரிகள் பாரிசிலும் இலண்டனிலும் லைடனிலும் சிதறிக் கிடக்கின்றன, கையில் ஒரே ஒரு மீன்தான் இருக்கிறது என்று பல காரணங்கள்.

படம் மட்டும் போதாது என்பதற்கு இந்தோனேசியச் சீலகாந்த் நல்ல சாட்சி. டைனோசர்களோடு அழிந்துவிட்டதாக நினைத்த மீன்கூட்டம் அது. 1938-ல் தென்னாப்பிரிக்காவில் உயிரோடு ஒன்று அகப்பட்டது. 1997-ல் அமெரிக்க ஆய்வாளர் மார்க் எர்ட்மானும் அவர் மனைவியும் சுலாவேசியின் மனாடோ பசாரில் ஒரு சீலகாந்தைப் பார்த்தார்கள். படம் எடுத்தார்கள், மீன் விலைபோய்விட்டது. படத்தை வைத்து அது ஆப்பிரிக்க இனமா, வேறா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அடுத்த ஆண்டு மீனவர் ஒருவர் இன்னொன்றைப் பிடித்துக் கொடுத்த பிறகுதான் அளக்கவும் டிஎன்ஏ பார்க்கவும் முடிந்தது. 1999-ல் லாட்டிமேரியா மெனாடோயென்சிஸ் என்ற பெயர் வந்தது. வைத்தது எர்ட்மான் அல்ல, வேறொரு குழு.

ஜெட்டியில் நிற்பவர் என்ன செய்யலாம்?

சந்தேகமான மீன் கிடைத்தால், முதலில் அது எந்தப் பக்கம், எவ்வளவு ஆழத்தில், எந்த வலையில், என்றைக்கு அகப்பட்டது என்று படகில் வந்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இடம் தெரியாத மீனுக்கு ஆய்வில் பாதி மதிப்புப் போய்விடும். குடலை எடுக்காமல், செதில் உரசாமல், துடுப்பை விரித்து இடப் பக்கம் படம் எடுங்கள். பக்கத்தில் அளவுகோல், இல்லாவிட்டால் பத்து சென் காசு இருக்கட்டும். பிறகு பிளாஸ்டிக் பையில் போட்டு உறையவிடுங்கள். உப்பு போட வேண்டாம், ஃபார்மலினும் வேண்டாம். ஒரே மாதிரி இரண்டு மூன்று இருந்தால் எல்லாவற்றையும் வையுங்கள்.

அப்புறம் பக்கத்து மீன்வளத் துறை அலுவலகத்தில் சொல்லலாம். பினாங்கு பத்து மாவுங்கில் மீன்வள ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. திரெங்கானு பல்கலைக்கழகத்தில் தென்சீனக் கடல் உயிரினங்களுக்கான மாதிரிச் சேமிப்பகமும் உண்டு. பெரும்பாலும் வரும் பதில், இது இன்ன மீன், இன்ன ஆண்டு பெயர் வைத்தது என்பதாகத்தான் இருக்கும். அந்தப் பதிலுக்கும் பயன் உண்டு: இந்த மீன் இந்த மாதம் பெர்னாம் கழிமுகத்துக்கு வெளியே இருந்தது என்ற பதிவு ஒன்று கூடுகிறது.